சுண்ணாம்பு கரைத்த கோப்பை

கோப்பைக்குள் சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தார்கள். தென்னை மட்டைத் துண்டு ஒன்றின் முனையைத் தட்டி நாராக்கி, அதில் பிரஷ் மாதிரி செருகியிருந்தார்கள். கிளப் அறைக் கதவுக்குப் பின்னால், கிழிந்த பழைய நெட்டுக்குப் பக்கத்தில், தரையில் இருந்தது. சாமி படத்துக்குப் பூ வைக்கப் போனவன் நான். பூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். என் மகளும் மற்ற ஐந்து பெண்களும் சேலத்தில் ஜெயித்துக் கொண்டுவந்த கோப்பை அது.

எங்கள் வாலிபால் கிளப்பைப் பற்றிச் சொன்னால்தான் என் கோபம் விளங்கும்.

கிளியூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காபி காயப்போடுகிற சிமெண்டுக் களம்தான் எங்கள் மைதானம். பழம் பறிக்கிற மாதங்களில் களம் காபிக்கு, மற்ற மாதங்களில் எங்களுக்கு. பெயின்ட் அடித்துக் கோடு போட எஸ்டேட்டில் விடமாட்டார்கள், கொட்டையில் வாடை ஏறிவிடும் என்பார்கள். அதனால் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் சுண்ணாம்புக் கோடுதான். களத்தின் ஒரு பக்கம் சரிவு. பந்து தவறினால் காபிச் செடிகளுக்குள் உருண்டு ஓடை வரைக்கும் போய்விடும். பந்தை யார் விட்டாரோ அவரேதான் இறங்கிப்போய் எடுத்துவர வேண்டும். கேப்டனாக இருந்தாலும் சரி, வேறு ஆளை அனுப்பக் கூடாது. மழைக்காலத்தில் இறங்கினால் முழங்கால் வரைக்கும் அட்டை ஏறும். அட்டைக்குப் பயந்தே பந்தை விடாமல் ஆடக் கற்றுக்கொண்டோம். சிமெண்டில் விழுந்து எடுத்தால் முட்டி போய்விடும் என்பதால் ஓடிப்போய் நின்று எடுக்கப் பழகினோம். நாங்கள் ஜெயித்ததற்கு இதைத் தவிர வேறு ரகசியம் கிடையாது. அடிவாரம் டீமில், "மலைக்காரனுங்க பந்து தரைய மறந்துபோச்சுடா" என்று பேசிக்கொள்வார்கள். கேட்கும்போது எங்களுக்கு நெஞ்சு நிமிரும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மேட்ச்சுக்கு முன்னால் பந்தைச் சாமி படத்துக்கு முன் வைத்து, விபூதி இட்டுக் கற்பூரம் காட்டி எடுப்போம். ஜெயித்த கோப்பையை மேலே மலை உச்சியில் குகைக்குள் இருக்கிற சேர்வராயன் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாமி காலடியில் வைத்து வாங்கிய பிறகுதான் அலமாரியில் ஏற்றுவோம். அப்படி ஏறிய கோப்பையை யாரும் இறக்கக் கூடாது. தூசி துடைப்பதானால்கூட இருந்த இடத்திலேயே துடைக்க வேண்டும். முட்டி போய் நான் ஆட்டத்தை விட்ட நாளிலிருந்து இந்தப் பூஜைக் காரியமெல்லாம் என் பொறுப்பு.

பெண்கள் டீம் யாரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. ஆண்கள் வேலை முடிந்து வருவதற்குள் களம் சும்மா கிடக்கிறதே என்று என் மகளும் அவள் கூட்டாளிகளும் இறங்கினார்கள். பந்தை விட்டால் அவர்களும்தான் சரிவில் இறங்கினார்கள். ஒரு வருஷத்தில் ஆண்களே அவர்களோடு ஆடிப் பார்க்கத் தயங்கினார்கள்.

கமிட்டியில் பேச்சு வந்தது. எஸ்டேட்டில் வேலையாட்களின் பேர் பதிகிற ரைட்டர்தான் கிளப்புக்கும் செயலாளர். என்னைவிட இளையவர். "சாமி காரியம் உங்களோடதுங்கண்ணா. பொண்ணுங்க பந்தையும் படத்துக்கு முன்னால வெக்கறதுங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் யோசிக்கக்கூட இல்லை. "வேண்டாமுங்க. மாசத்துல எல்லா நாளும் ஒண்ணாட்டமா இருக்குமுங்களா? அவங்க பந்து வெளியவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். பயபக்தியோடு பேசுவதாகத்தான் நினைத்தேன்.

மகள் கிளப் அறை வாசலில் இதைக் கேட்டபடி நெட் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் சோறு போடும்போதுதான், "ஏம்ப்பா, பந்துக்குமா தீட்டு?" என்றாள்.

"சாமி காரியத்துல எதுத்துப் பேசக் கூடாது கண்ணு" என்றேன்.

அதற்கப்புறம் சேலத்துக்குப் போனார்கள், ஜெயித்தார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கோப்பையை ரைட்டர் வாங்கிப் பார்த்து, "அலமாரில எடம் இல்லைங்களே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று கீழே வைத்தார். மேலே கோயிலுக்குக் கொண்டுபோக யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இப்போது அதில்தான் சுண்ணாம்பு.

ரைட்டர் நூல் கயிறோடு உள்ளே வந்தார். பின்னால் இரண்டு ஆட்டக்காரர்கள்.

"ஏனுங்க ரைட்டரே, என்னங்க இது?"

"சுண்ணாம்புங்கண்ணா. நாளைக்கு மேட்ச்சுங்களே, கோடு போடோணும்."

"எதுல கரைச்சிருக்கீங்கன்னு கேட்டேன்."

குனிந்து பார்த்தார். "அட, பக்கெட்டு ஓட்டையாப் போச்சுங்க. கையில கெடைச்சுது. தகரந்தானுங்களே."

"மேல அடுக்கி வெச்சிருக்கறது மட்டும் வெள்ளியிலயா வார்த்தது?"

வந்த ஆட்டக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். ரைட்டருக்கு முகம் மாறியது.

"எம்மேல எதுக்குங்க கோவிச்சுக்கறீங்க? பொண்ணுங்க பந்து சாமிகிட்ட வேண்டாம்னு சொன்னது நீங்கதானுங்க. சாமிகிட்டயே போகாத கோப்பைய எந்த மொறையில அலமாரில ஏத்தச் சொல்றீங்க?"

அவர் கன்னத்தில் அறையக் கை துடித்தது. அதே கையால் என் கன்னத்திலும் அறைந்துகொண்டிருப்பேன். என் வாயிலிருந்து போன சொல்லைத்தான் அவர் என் முகத்தில் வீசினார். அவருடைய ஏளனத்துக்குச் சாமி பேரைக் கடன் கொடுத்தவனே நான்தான்.

சுண்ணாம்பைக் கொட்டிவிட்டுக் குழாயடியில் தேய்த்தேன். உள்பக்கம் முலாம் அரித்துத் திட்டுத் திட்டாய் வெளுத்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மகள் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். "நம்ம கிளப்புல ஒரு பக்கெட்டுக்கு வக்கில்லாமப் போச்சாப்பா?" என்று சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

"காலைல மொத பஸ்ஸுல மேல கோயிலுக்குப் போலாம் கண்ணு" என்றேன்.

என் மனைவி அடுப்படியிலிருந்து, "ஏனுங்க, அவளுக்கு நாளைக்கு மூணாம் நாளுங்க" என்றாள்.

"நான் வெளிய நின்னுக்கறேம்ப்பா. நீ கொண்டுபோய் வெச்சுட்டு வா" என்றாள் மகள்.

அப்படியே போனோம். அவள் வெளியே நின்றாள். நான் தலை குனிந்து குகைக்குள் நுழைந்தேன். உள்ளே சேர்வராயனுக்குப் பக்கத்தில் காவேரியம்மன் இருக்கிறாள். எத்தனை வருஷமாய் ஆண்கள் ஜெயித்த கோப்பைகளை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஒரு நாளாவது அவளை நினைத்துப் பார்த்தேனா என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணீர் வந்தது, அது பக்தியில் வந்ததில்லை. யாருடைய கோப்பை என்று பூசாரி கேட்கவேயில்லை. வாங்கிக் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி, அதிலேயே கொஞ்சம் தீர்த்தம் ஊற்றிக் கொடுத்தார்.

வெளியே வந்து அந்தத் தீர்த்தத்தை மகள் கையில் சாய்த்தேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"குடி சாமி" என்றேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடித்தாள்.

நாங்கள் களத்துக்குப் போனபோது எல்லாரும் பூஜைக்காகக் காத்திருந்தார்கள். கோடு போட்டு முடித்திருந்தார்கள், எங்கிருந்தோ ஒரு பக்கெட் கிடைத்திருக்கிறது. அலமாரியில் இருந்த இரண்டு கோப்பைகளை அப்படியும் இப்படியும் நகர்த்தினேன். இடம் வந்தது. நடுவில் பெண்கள் கோப்பையை வைத்தேன்.

"இது மேல போயிட்டு வந்துட்டுதுங்க. எறக்கறவங்க எறக்கிக்கங்க."

யாருக்கும் கை வரவில்லை. ரைட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாவுதுங்கண்ணா, பந்துக்குப் பூஜ போடுங்க."

"ஒரு பந்துக்குங்களா, ரெண்டு பந்துக்குங்களா?"

அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். கேப்டன்தான் வெளியே போய்ச் சாக்கிலிருந்த பெண்கள் பந்தைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தான். இரண்டுக்கும் விபூதி இட்டேன். கற்பூரம் காட்டினேன். இத்தனை நாள் ஒரு பந்துக்கு மட்டும் காட்டியிருக்கிறேனே என்று என்மேலேயே ஆத்திரம்.

அன்றைக்கு ஆண்கள் தோற்றார்கள். கடைசிப் பாயிண்டில் பந்து எங்கள் பின்வரிசை ஆளின் கையில் பட்டுத் தெறித்துச் சரிவுக்குள் போனது. களத்து ஓரத்தில் என் மகள் நின்றிருந்தாள். ரைட்டர் அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நாலு பேர் காதில் விழும்படி, "சாமிகிட்ட வெக்கக் கூடாதத வெச்சா இப்படித்தானுங்க ஆவும்" என்றார்.

"சாமிய இதுல இழுக்காதீங்க ரைட்டரே" என்றேன். "பந்த உட்டது யாரோ, அவரு எறங்கிப் போயி எடுத்தாரட்டும்."