நான் நிரப்பாத கட்டம்

கம்ப்யூட்டருக்குப் பயந்துதான் நான் அப்படிச் செய்தேன் என்று எங்கள் பள்ளியில் வெகுநாள் ஒரு பேச்சு உலவியது. அந்தப் பேச்சைக் கிளப்பியவர்களை விட நான் வேகமாகத் தட்டச்சு செய்வேன். பயந்து செய்யவில்லை. நன்றாக யோசித்து, வேண்டுமென்றே செய்தேன்.

கல்கத்தாவில் பாலிகஞ்ச் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வீடு டாக்குரியாவில், ரயிலில் ஒரே ஸ்டேஷன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதே எனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். தேர்வுத்தாளைத் திருத்திக் கொடுக்கும்போது மதிப்பெண் போட மாட்டேன். தவறான இடத்தில் சிவப்புக் கோடு மட்டும் இருக்கும். பிள்ளைகள் அந்தக் கணக்குகளை இரண்டு நாளில் தனித்தாளில் மறுபடி போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஏன் தவறியது என்று ஒரு வரி எழுத வேண்டும். சரியாகப் போட்டால் இழந்த மதிப்பெண்ணில் பாதி திரும்பக் கிடைக்கும். எண்ணைப் பார்த்துவிட்ட பிள்ளை தாளைப் பார்க்காது. இது எந்தப் பயிற்சிக் கல்லூரியும் சொல்லித் தந்ததில்லை. வருஷக்கணக்காக வகுப்பில் நின்று கால் கடுத்துத் தெரிந்துகொண்டது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் கழித்து எங்கள் பள்ளிக்கு போர்ட்டல் வந்தது. கார்டியன்கள், அதாவது பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள், வீட்டிலிருந்தோ ஆபீசிலிருந்தோ இணையத்தில் மதிப்பெண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். தேர்வுக்கு மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் நாங்கள் ஏற்றிவிட வேண்டும். ஏற்றிய பிறகுதான் தாளைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். ஒரு தேர்வுக்கு ஒரே ஒரு மதிப்பெண் கட்டம். ஏற்றியதும் அது பூட்டிக்கொள்ளும்.

ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு பேச்சு. இனி கார்டியன்கள் நேரில் வந்து உயிரை எடுக்க மாட்டார்கள் என்று வங்காள டீச்சருக்கு ஒரே சந்தோஷம். ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருந்த பூகோள ஆசிரியர் தன் பாஸ்வேர்டை மருமகளிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக டீ குடித்தார். பிசிக்ஸ் டீச்சர் சொன்னதில்தான் நியாயம் இருந்தது. "என்னை மாதிரி வேலைக்குப் போற அம்மாவால லீவு போட்டு ஸ்கூல் வாசல்ல நிக்க முடியுமா, தீதி? பொண்ணு எப்படிப் படிக்கிறான்னு எனக்கும் தெரிய வேண்டாமா?" என்று என்னை அக்கா முறை வைத்து வங்காளத்தில் கேட்டாள். தெரியத்தான் வேண்டும். வருகைப் பதிவு, விடுமுறை, கார்டியன் மீட்டிங் எல்லாவற்றையும் ஏற்றுங்கள் என்றேன். குறிப்புக் கட்டத்தில் போர்ட்டல்காரர்களே எழுதி வைத்திருந்த பன்னிரண்டு வாக்கியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பத்திரண்டு பெண்களைப் பற்றிப் பன்னிரண்டு வாக்கியமாம்.

இருந்தாலும் முதல் இரண்டு தேர்வுக்கு நான் வாயை மூடிக்கொண்டு ஏற்றினேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். கல்கத்தாவிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத வராது. மனக்கணக்குப் போடும்போது உதடு வங்காளத்தில் அசையும். அப்பா வங்கி அதிகாரி, சிலிகுரிக்கு மாற்றலாகியிருந்தார். முதல் தேர்வில் அவளுக்கு இருபத்தைந்துக்கு எட்டு. என் வழக்கப்படி என்றால் அது பதினாறு வரை ஏறியிருக்கும். நான் எட்டை ஏற்றினேன், கட்டம் பூட்டிக்கொண்டது. மறுநாள் தாளைக் கொடுத்தபோது அவள் பிரித்துக்கூடப் பார்க்காமல் பைக்குள் செருகினாள்.

"ஏன்மா, எங்கே தப்புன்னு பாக்க வேண்டாமா?"

"எதுக்கு மிஸ்? அப்பா நேத்தே பாத்துட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வேலை முடிந்துபோன ஆபீசைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அந்த வகுப்பில் அந்தத் தடவை மறுதாள் எழுதித் தந்தவர்கள் ஆறு பேர். அதற்கு முன் எந்தத் தேர்விலும் முப்பதுக்குக் குறைந்ததில்லை.

இரண்டாவது தேர்விலும் அதே கதைதான். அவளுக்கு ஒன்பது. அந்த வாரம் சனிக்கிழமை அவள் அம்மா பள்ளி வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

"மிஸ், அவர் நாமக்கல் பக்கத்துல ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல பேசிட்டாரு. ஃபாரம்கூட வந்தாச்சு. மூணாவது டெஸ்ட்ல மார்க் ஏறலேன்னா துர்கா பூஜை லீவுல கொண்டுபோய் விட்டுடுவேங்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் சொன்னா எங்கே கேக்கறாரு? சாயங்காலம் ஆறு மணிக்கு போன் பண்ணுவாரு. 'பாத்தேன், ஒன்பது'ன்னு சொல்லிட்டு வச்சிடுவாரு. இவ அஞ்சு மணிலேர்ந்தே போன் பக்கத்துல உக்காந்திருப்பா. அங்கே யாரையும் தெரியாது மிஸ் அவளுக்கு. காலைல நாலரை மணிக்கு எழுப்பி விடுவாங்களாம்."

அந்த எட்டையும் ஒன்பதையும் ஏற்றியது என் விரல்கள். ரயிலுக்குக்கூடப் போகாமல் அன்று வீடு வரை நடந்தே போனேன். போய்ச் சேரும்போது முடிவு பண்ணிவிட்டேன்.

மூன்றாவது தேர்வுக்கு மறுநாள் காலையில் சிவப்புக் கோடு போட்ட தாள்களை எண் இல்லாமல் வகுப்பில் கொடுத்தேன். மாலை ஐந்து மணிக்கு என் வகுப்பின் நாற்பத்திரண்டு கட்டமும் காலி. மறுநாளே பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. நிர்வாகக் கமிட்டிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஆங்கிலமும் வங்காளமுமாகப் பேசினார்.

"காலைலேர்ந்து கார்டியன்கள் போன். சிலிகுரிலேர்ந்து ஒருத்தர் மட்டும் மூணு தடவை. உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"ரெண்டு நாள் கழிச்சு ஏத்தறேன் மேடம். பிள்ளைங்க முதல்ல பாக்கட்டும்."

"சிஸ்டம்ல அதுக்கு இடமில்ல."

"அப்ப சிஸ்டம் காத்திருக்கட்டும்."

அடுத்த வருஷத்திலிருந்து ஒன்பதும் பத்தும் எனக்கு இல்லை, ஐந்தாம் வகுப்புக்குப் போகலாம் என்றார். ஐந்தாம் வகுப்பிலும் தாளை முதலில் பிள்ளையிடம்தான் கொடுப்பேன் என்றேன். மாலைக்குள் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பெற்றுக்கொண்டேன், ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வங்காள டீச்சர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பிசிக்ஸ் டீச்சர் மட்டும் ஒரு பிஸ்கட்டை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை சிலிகுரிக்காரர் ரயிலேறி நேரிலேயே வந்துவிட்டார். பார்வையாளர் அறையில் நீலநிற பிளாஸ்டிக் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். மனிதர் கத்தவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து மகள் எடுத்த மதிப்பெண்களைப் பாடவாரியாக, அரை மதிப்பெண்கூட விடாமல் ஒப்பித்தார். ஃபைலைத் திறக்கவே தேவைப்படவில்லை. ஒரு நிமிஷம் எனக்கே அவர் மேல் மரியாதை வந்தது.

"மூணாவது டெஸ்ட் மார்க் என்ன மேடம்? அதுக்குத்தான் லீவு போட்டு வந்திருக்கேன்."

பெண்ணை வகுப்பிலிருந்து அழைத்து வரச் சொன்னேன். அவள் வருவதற்குள் அவளுடைய மறுதாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அதில் பெயர் கிடையாது; கையெழுத்தை வைத்தே யாருடையது என்று எனக்குத் தெரியும். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"நீங்களே சொல்லுங்க."

மறுபடி பார்த்தார். "நல்லாத்தான் போட்டிருக்கு இந்தப் பொண்ணு. ஏன், இதைப் பாத்து என் பொண்ணு கத்துக்கணும்னு சொல்றீங்களா?"

பெண் அப்போது கதவருகே வந்து நின்றிருந்தாள். "என்னோடதுதான்ப்பா," என்றாள்.

அரை மதிப்பெண் விடாமல் மனப்பாடமாக வைத்திருந்தவருக்கு மகளின் கையெழுத்து தெரியவில்லை. எனக்கு ஆத்திரமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. எதையும் காட்டிக்கொள்ளாமல் நான்காவது கணக்கின் கீழே விரலை வைத்தேன். ஏன் தவறியது என்பதற்கு அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: 'இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். போடும்போது, நாளை ஐந்து மணிக்கு அப்பா பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.'

அவர் அதை இரண்டு தடவை படித்திருக்க வேண்டும். பிறகு என்னிடம் கேட்டார்.

"சரி மேடம். மொத்தம் எவ்வளவு?"

"உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

"நான் அவ அப்பா."

"அதனாலதான் அவகிட்ட கேளுங்கன்னு சொல்றேன்."

அவரிடமிருந்து தாளை வாங்கி, இறுதி மதிப்பெண்ணை அதன் மூலையில் எழுதி, நான்காக மடித்துப் பெண்ணிடம் கொடுத்தேன். அந்த எண் போதாது என்று அவர் நினைத்துவிட்டால் பூஜை விடுமுறையில் அவள் நாமக்கல்லில் இருப்பாள். அப்போது என் வீராப்பு அவளுக்கு எந்த வகையிலும் உதவாது.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தாளைப் பிரித்துப் பார்த்தாள். மறுபடி மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அப்பா கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"முதல்ல நாலாவது கணக்கைச் சொல்றேன்ப்பா. அப்புறம் தரேன்."

அவர் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டு, பக்கத்து நாற்காலியிலிருந்த ஃபைலை எடுத்துத் தரையில் வைத்தார். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பாதி தமிழும் பாதி வங்காளமுமாகக் கணக்கைச் சொல்லத் தொடங்கினாள். நடுவில் ஒரு இடம் புரியவில்லை என்றார். மறுபடி சொன்னாள்.

நாமக்கல் விண்ணப்பம் அந்த ஃபைலுக்குள்தான் இருந்தது என்று அம்மா பிறகு என்னிடம் சொன்னார். அவர் அதை வெளியே எடுக்கவேயில்லை. அவள் எங்கள் பள்ளியிலேயே படித்து முடித்தாள். அந்த மூன்றாவது தேர்வில் அவளுக்கு இருபத்தைந்துக்குப் பதினேழு. அவள் பார்த்து, அவளாகவே அப்பாவிடம் காட்டிய பிறகுதான் நான் கம்ப்யூட்டர் அறைக்குப் போய் அதை ஏற்றினேன்.