ஏணைக்குத் தரை வேண்டாம்

பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் என் அப்பா உடனே பதில் சொல்லமாட்டார். வீட்டிலா, கடதாசியிலா என்று திருப்பிக் கேட்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள், அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதே இல்லை.

தம்பி இத்தாலியில், பலேர்மோவில் பிறந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பா பொலிதேயாமாப் பக்கத்துக் கடைகளில் துப்புரவு வேலை செய்தார். அம்மா லிபெர்த்தாத் தெருவில், சின்யோரா என்று நாங்கள் கூப்பிடும் ஓர் இத்தாலியப் பெண்ணின் வீட்டைப் பார்த்துக்கொண்டார். அந்தச் சின்யோராவின் மகளுக்கும் அதே மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கு அரசாங்கம் மாதாமாதம் காசு கொடுத்தது, என் தம்பிக்குக் கொடுக்கவில்லை. எங்களிடம் இருந்தது அடிக்கடி புதுப்பிக்க வேண்டிய பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி. காசு வேண்டுமென்றால், நெடுங்காலம் இருக்கலாம் என்று எழுதிய அட்டை, கார்த்தா, வேண்டுமாம். இரண்டு குழந்தைகளும் ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். பாலுக்கு அழும்போது இரண்டும் ஒரே மாதிரித்தான் அழுதன என்று அம்மா சொல்வார்.

அந்தக் காசு வந்தால் அம்மா வேலையை விட்டுவிட்டுத் தம்பியோடு இருக்கலாம். வராவிட்டால் அவனை யார் பார்ப்பது? அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற மாமா ஒருவர் இருந்தார். கார்த்தா கிடைக்க வேண்டுமானால், வீடு அதில் இருக்கிற அத்தனை பேருக்கும் போதுமான அளவு என்று முதலில் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்றார் அவர். அளப்பதற்கு ஓர் ஆளையும் ஏற்பாடு செய்தார்.

எனக்கு அந்த வயதில் புத்தி கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்யும். ஆள் வருவதற்குள் வீட்டைப் பெரிதாக்கிவிடுவது என்று தீர்மானித்தேன். சூட்கேஸ்கள், அரிசி மூட்டை, துணி மினுக்கும் பலகை, என் பள்ளிக்கூடப் பை என்று ஒவ்வொன்றாக எதிர்வீட்டுக்கு இழுத்துக்கொண்டுபோய் வைத்தேன். கடைசியில் மிஞ்சியது தம்பியின் ஏணை. முகட்டில் அப்பா அடித்த கொளுக்கியில் அம்மாவின் பச்சைச் சேலையைக் கட்டித் தொட்டிலாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கதிரையில் ஏறி அதன் முடிச்சை அவிழ்க்கப்போனேன்.

“உனக்கென்ன விசரே? அவன் பிறகு எங்கை படுக்கிறது?” என்று அம்மா என்னை இறக்கிவிட்டார்.

வந்தவர் நல்ல மனிதர். போகிற போக்கில் ஏணையை ஒருமுறை ஆட்டிவிட்டார், தம்பி சிரித்தான். கையில் சின்னதாக ஒரு கருவி வைத்திருந்தார். அமத்தினால் எதிர்ச் சுவரில் சிவப்புப் பொட்டு ஒன்று விழுந்தது, உடனே அளவு தெரிந்தது. சுவரிலிருந்து சுவருக்கு அளந்தார். அறைக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று திரும்பியும் பார்க்கவில்லை. காலையெல்லாம் மூட்டை இழுத்த நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மூன்று பேருக்குப் போதும், நான்கு பேருக்குப் போதாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் படிவ மாமா வந்து, தேநீரைக் குடித்துக்கொண்டே வழி சொன்னார். “சின்னவனை ஒரு வருசத்துக்கு ஊரிலை விடுங்கோ. மூண்டு பேர் எண்டால் வீடு காணும். கார்த்தா கைக்கு வந்த உடனை கூப்பிடலாம், காசும் வரும்.”

“பால்குடிப் பிள்ளையை எப்பிடி விடுறது?” என்று அம்மா கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அப்பா, தம்பி நிலத்திலை படுக்கிறேல்லையே. மேலை தொங்கிக்கொண்டெல்லோ இருக்கிறான். அவனுக்கு ஏன் இடம்?” என்றேன். மாமா சிரித்தார். அப்பா என் தலையில் கையை வைத்தார்.

“உன்ரை கணக்குச் சரி பிள்ளை. அவங்கடை கணக்குத்தான் வேறை.”

ஒரு வருடம் என்றது இரண்டரை வருடமாக இழுபட்டது. கார்த்தா வந்த மறுநாளே அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு தம்பியின் காசுக்கு எழுதிக் கொடுக்க அரசாங்க அலுவலகத்துக்குப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாக விளக்கினார்: ஒரே வீட்டில் சேர்ந்து இருக்கிற பிள்ளைக்குத்தான் காசு, பிள்ளை இலங்கையில் இருந்தால் இல்லை. அவனைக் கூப்பிடுங்கள், ஆனால் கூப்பிடுவதற்கு நான்கு பேருக்குப் போதுமான வீடு காட்ட வேண்டும். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசி வசனத்துக்கு வருமுன்பே அப்பா எழுந்துவிட்டார். வழியில் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார், தனக்கு வாங்கவில்லை.

பக்கத்து ஊரான பகேரியாவில் பெரிய வீடு எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டபோது அவனுக்கு ஏழு வயது. விமான நிலையத்தில் அம்மா கைகளை விரித்துக்கொண்டு குனிந்தார். அவன் கூட்டிவந்தவரின் பின்னால் ஒளிந்துகொண்டான். வெகுநாள் அவன் அம்மாவை ‘இத்தாலி அம்மா’ என்றுதான் கூப்பிட்டான். வெறும் அம்மா என்றால் அது அவனை வளர்த்த சின்னம்மா. இப்போது சட்டம் மாறி, கார்த்தா இல்லாதவர்களுக்கும் பிள்ளைக் காசு கொடுக்கிறார்கள். நல்லது, கொடுக்கட்டும். ஆனால் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இவற்றையெல்லாம் விட என்னை வருத்துவது வேறு ஒன்று. தம்பியை ஊரில் விட அம்மாதான் போனார். சின்யோரா கொடுத்தது பத்து நாள் லீவு. புறப்படுகிற அன்றுவரை தம்பிக்கு அம்மாவின் பால்தான். போகும்போது அவனோடு போன அம்மா, வரும்போது மிளகாய்த்தூளோடும் ஒடியல் மாவோடும் வந்தார்.

அந்தப் பத்து நாளும், உண்மையைச் சொன்னால் என்ன, எனக்குச் சந்தோசமாக இருந்தது. பச்சைச் சேலையும் தம்பியோடு போய்விட்டதால் நடு அறை வெறுமையாகக் கிடந்தது. கொளுக்கிக்குக் கீழே புத்தகங்களைப் பரப்பிவைத்துப் படித்தேன். கையையும் காலையும் நீட்டிப் படுத்துப் பார்த்தேன், எதிலும் முட்டவில்லை. அளக்க வந்தவரை இன்னொருமுறை கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது.

அம்மா வந்து பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. கையைப் பிடித்து நடு அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“பாருங்கோ அம்மா, இப்ப எங்கடை வீடு எங்களுக்குக் காணும்.”

அம்மா அண்ணாந்து கொளுக்கியைப் பார்த்தார். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் ஓடுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. நான் கதவைத் தட்டினேன்.

“முகம் கழுவுறன் பிள்ளை,” என்றார்.

வெளியே வந்தபோது அவருடைய சட்டை நெஞ்சுப் பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அது தண்ணீர் இல்லை என்பது, என் மகள் பிறந்து எனக்குப் பால் கட்டிய நாளில்தான் விளங்கியது. அன்று அந்தக் குளியலறை வாசலில் நான் அம்மாவைப் பார்த்து, இவவுக்கு முகம் கழுவவும் தெரியாது என்று கைகொட்டிச் சிரித்தேன்.