அக்காவின் இங்கிலீஷ்

என் அக்காவின் வாயை அடைத்தது நீங்கள்தான், ட்ரெயினர் மேடம். சென்னையில் அந்தக் கால் சென்டரின் பயிற்சி அறையில் கையில் பேனாவோடு நின்றீர்கள். அக்கா 'புக்கு' என்றால் மேசையில் ஒரு தட்டு. 'லேட்டு' என்றால் இன்னொரு தட்டு. தட்டும்போதெல்லாம் அறையில் இருப்பவர்கள் சேர்ந்து எண்ண வேண்டும் என்பது உங்கள் ஏற்பாடு. அவளோடு பயிற்சிக்கு வந்திருந்த நானும் எண்ணினேன். அதை மறைக்கப் போவதில்லை.

அவள் என் பெரியப்பா மகள். மரக்காணம் உப்பளத்தில்தான் எங்கள் இரண்டு வீட்டாருக்கும் வேலை. கல்லூரி லீவு விட்டால் நாங்களும் பாத்தியில் நிற்போம். உப்புநீர் இறைக்கும் மோட்டார் ஒரு மூலையில் இருக்கும், நிரம்பும் பாத்தி இன்னொரு மூலையில். நடுவில் கடல்காற்று. நீர் ஏறியதும் நிறுத்தச் சொல்லிக் கத்துவது அக்காவின் வேலை. 'மோட்டாரு ஆப்பூ' என்று கடைசி எழுத்தை இழுத்துவிடுவாள். முன்பாதியைக் காற்று தின்றாலும் அந்த இழுப்பு போய்ச் சேர்ந்துவிடும். சேராவிட்டால் வரப்பு உடைந்து, பக்கத்துப் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்து போகும். அவள் நின்ற நாளில் ஒரு வரப்பும் உடைந்ததில்லை. வெயிலில் கண் கூசும் அந்த வெள்ளைக்கு நடுவிலிருந்து வந்த குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் பேச்சில் சொல் க், ட், ப் என்று வெட்டுப்பட்டு முடியாது. கடைசியில் ஓர் 'உ' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பிறந்ததிலிருந்து அப்படிப் பேசிய நாக்கு இங்கிலீஷையும் அப்படித்தான் பேசும். நீங்கள் அவள் தாளில் 'எம்.டி.ஐ. அதிகம்' என்று எழுதினீர்கள். 'மதர் டங் இன்ஃப்ளூயன்ஸ்', அதாவது தாய்மொழித் தாக்கம் என்பதன் சுருக்கமாம். நோய்க்குப் பெயர் வைப்பதுபோல.

முதல் வாரம் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "டேய், அந்தம்மா சொல்ற மாதிரி வெட்டி வெட்டிப் பேசினா மோட்டார் ஆளுக்கு எப்படிடா கேக்கும்?" என்றாள்.

"இங்க ஏதுக்கா காத்து? ஏசி ரூமு."

"அதான்டா, மூச்சு முட்டுது."

கடைசி நாள் தேர்வில் கோபக்கார வாடிக்கையாளராகப் பேசியது நீங்கள். வராத பார்சலுக்காகக் கத்தினீர்கள். அவள் பொறுமையாகக் கேட்டு, பார்சல் எங்கே நிற்கிறது என்று தேடிச் சொன்னாள். ஒரு முறைகூட நீங்கள் 'மறுபடி சொல்லு' என்று கேட்கவில்லை. பிறகு பெயிலாக்கினீர்கள். நான் பாஸ். அவளுடைய பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போனேன்.

இப்போது அவள் அனுமந்தையில் இருக்கிறாள், கல்யாணமாகி. மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் மிஸ் இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். தமிழில் பதில் சொல்லவும் வாய் வருவதில்லை. போன மாதம் அந்த மகளே, "நீ வர வேணாம்மா, அப்பா வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். அக்காவே போன் செய்து இதைச் சொன்னாள். இந்த முறை சிரிக்கவில்லை.

அதே வாரம் உங்கள் வீடியோ ஒன்று பார்த்தேன். பெரிய மேடை. 'உங்கள் உச்சரிப்பு உங்கள் அடையாளம், வெட்கப்படாதீர்கள்' என்கிறீர்கள். கைதட்டுகிறார்கள். நல்லது. எப்போது மாறினீர்கள்? நீங்கள் திருப்பி அனுப்பியவர்களில் ஒருவருக்காவது அதைச் சொன்னீர்களா? எனக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டாம். அடுத்த மேடையில், கூட்டத்தின் முன்னால் சொல்லுங்கள்: அன்று அவள் பேசியதில் உங்களுக்குப் புரியாத சொல் எது?