மாஸ்டரின் கோழிகளும் பகலின் நீளமும்

நிந்தவூரில் என் மகன் பெண் எடுத்த வீட்டில் இருந்தபோதுதான் செய்தி வந்தது. அஸர் தொழுதுவிட்டுப் பாயை மடித்துக்கொண்டிருந்தேன். மகன் போனைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றான். "உம்மா, மாஸ்டர் சாச்சா மௌத்தாகிட்டாராம்." மரணத்துக்குச் சொல்லும் இன்னா லில்லாஹியைச் சொல்லி முடித்ததும், என்னை அறியாமலே அடுத்த கேள்வி வந்தது: "அப்ப கோழிகள ஆரு பாக்கிற?" மருமகள் திகைத்துப் போனாள். மாஸ்டரைத் தெரிந்த உங்களுக்கு அது திகைப்பாக இருக்காது.

நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மாஸ்டரிடம் படித்த பிள்ளைகள் கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆதம்லெப்பை மாஸ்டர் உங்களுக்கு விலங்கியல் ஆசிரியர். எனக்கு என் தங்கை ஜெமீலாவின் மாப்பிள்ளை; அவளைப் போல அவரும் மூத்தவளான என்னை ராத்தா என்றே கூப்பிடுவார். எங்கள் ஊர் வழக்கப்படி பெண் பிள்ளைகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை எடுத்ததால், ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் ஒரு வேலி. அதனால் நீங்கள் பள்ளிக்கூடத்தில் பார்க்காத மாஸ்டரை நான் வேலிக்கு மேலால் பார்த்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு சிலர் மக்காவுக்கு உம்ரா போவார்கள், சிலர் வயலுக்குப் போவார்கள். மாஸ்டர் கோழிக்கூட்டுக்குப் போனார். அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. குஞ்சு பொரித்த புதிதில் நீண்ட பகலைக் கண்ட கோழியும், குறுகிய பகலைக் கண்ட கோழியும், பிறகு ஒரே முற்றத்தில் ஒரே தீனியைத் தின்று வளர்ந்தால், இரண்டின் உடம்பும் அந்தத் தீனியை ஒரே மாதிரிச் செலவழிக்குமா? "தீனி மட்டும் இல்ல ராத்தா, கண்ட வெளிச்சமும் உடம்புக்குள்ள ஒரு பழக்கத்த வைக்கிதா என்டு பாக்கணும்" என்பார்.

கஷ்டம் என்னவென்றால், எங்கள் ஊரில் பகல் நீளுவதும் இல்லை, குறைவதும் இல்லை. பொழுது பட்டதும் சொல்லும் மஃரிப் பாங்கு வருடம் முழுக்க ஆறு மணியைச் சுற்றியே நிற்கும். ஆகவே மாஸ்டரே பகலைச் செய்தார். ஒரு கூட்டில் பல்பைக் கட்டி இரவு இஷாத் தொழுகை தாண்டியும் வெளிச்சம். மற்றக் கூட்டை நெல் காயப்போடும் படங்கால் மூடி, பின்னேரம் அஸரோடு இருட்டு. வெளிச்சத்துக் குஞ்சுகளின் காலில் பச்சைத் துணி, இருட்டுக் குஞ்சுகளின் காலில் சிவப்புத் துணி. வளர்ந்த பிறகு எல்லாம் ஒரே முற்றத்தில். கரண்ட் போனால் மாஸ்டர் லாம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அவர் பிள்ளைகள் இருட்டில் இருந்து சோறு தின்பார்கள்.

ஒரு வெள்ளாமை வெட்டில் திடீரென்று மழை இறங்கிற்று. ரோட்டோரம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஜெமீலா கூட்டின் மேலிருந்த படங்கை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். நெல் தப்பியது. இருட்டுக் குஞ்சுகள் இரண்டு நாள் பளிச்சென்ற வெளிச்சத்தில் விளையாடின. மாஸ்டர் வந்து பார்த்தார். கோபிக்கவில்லை. "இந்தக் குஞ்சுகள் இனிச் சரிவராது. திரும்ப முதல்ல இரிந்து தொடங்கணும்" என்றார்.

"ரெண்டு நாள்தானே தம்பி. நாங்க ஒருத்தரும் வெளிய சொல்ல மாட்டம்" என்றேன்.

"நீங்க சொல்ல மாட்டீங்க ராத்தா. கோழி சொல்லும்" என்றார்.

அடுத்த அடைக்குக் காத்திருந்தார். வயதான மனிதர், அடைக்கோழியின் முன்னால் கதிரை போட்டு இருந்ததை ஊரே வேலியால் எட்டிப் பார்த்துச் சிரித்தது. அந்தக் கோழிகள் வளர்ந்து வந்த நேரத்தில்தான் என் பேத்தி ஹஸ்னாவுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். ஹஸ்னா எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. மாஸ்டரைப் பற்றிய கட்டுரையில் அது தேவையில்லைதான், ஆனாலும் எழுதுகிறேன். மாப்பிள்ளை பர்ஹான், நல்ல குடும்பம், நல்ல உத்தியோகம். அந்தச் சம்பந்தம் கை நழுவக் கூடாது என்று நான் நோன்பு நேர்ந்திருந்தேன்.

அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போன் எடுத்து, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பகல் வருகிறோம் என்றார்கள். ஊர்க்கோழி தேடிப் போக நேரமில்லை. எல்லாரும் மாஸ்டரின் முற்றத்தைப் பார்த்தோம். மாஸ்டர் எங்களைப் பார்த்தார்.

"ஹஸ்னாவுக்காகத் தாறன். ஆனா சிவப்புல ரெண்டு, பச்சையில ரெண்டு. உள்கொழுப்ப நான் தராசுல நிறுத்த பிறகுதான் சட்டியில போடணும்."

ஒத்துக்கொண்டோம். வேறு வழி என்ன?

மாப்பிள்ளையின் உம்மா வந்து இருந்த கையோடு, பெண்கள் வழக்கமாகச் செய்வதுபோல் குசினிப் பக்கம் எழுந்து வந்தார். அங்கே மாஸ்டர் சின்னத் தராசை வைத்துக்கொண்டு கோழியை நிறுத்துக்கொண்டிருந்தார். சலாம் சொல்லிவிட்டு, "கொஞ்சம் பொறுங்க, பச்சைக் கால் இன்னும் முடியல்ல" என்றார்.

அந்தப் பெண் திரும்பித் தன் தங்கையிடம் மெதுவாகக் கேட்டார். மெதுவாக என்றால், எனக்குக் கேட்கும் அளவுக்கு. "இந்த ஊட்டுல கறிய நிறுத்துத்தான் ஆளுக்குப் போடுவாங்களா?"

மாஸ்டரை இழுத்து வந்து, வந்தவர்கள் இருந்த முன் மண்டபத்தில் நிறுத்தி, "என்ன செய்றீங்க என்டு நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் சொன்னார். பல்பு, படங்கு, சிவப்பு, பச்சை, எல்லாம். வந்தவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். மாப்பிள்ளையின் உம்மா மட்டும் முன்னால் சாய்ந்தார்.

"எங்கட மகன் பிறந்தது குளிர் நாட்டுல மாஸ்டர். அவங்கட வாப்பா அப்ப அங்கதான் வேலை. கோடையில இஷாவுக்குப் பாங்கு சொல்ல முதல் எனக்கு நித்திரை வந்திரும். பொழுது படவே படாது."

"எந்த மாசம் பிறந்த?"

"ஜூன்."

மாஸ்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். பர்ஹான் ஒல்லியான பிள்ளை, சட்டை ஆணியில் தொங்குகிற மாதிரி. மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைய ஒருக்கா நிறுக்கலாமா?" என்றார். ஹஸ்னா உள்ளே கதவை இழுத்துச் சாத்தியது எனக்குக் கேட்டது.

ஆனால் அந்தத் தாய் சிரிக்கவில்லை. "எவ்வளவு தின்டாலும் ஒடம்புல ஒட்டாது இவருக்கு. நான் பால் ஒழுங்காக் குடுக்கல்ல என்டு என்ட மாமி மௌத்தாகும் வரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டினா. அப்ப அது அந்தப் பகலாலயா மாஸ்டர்? என்ட குத்தம் இல்லையா?"

நான் மாஸ்டரையே பார்த்தேன். ஓம் என்று ஒரு சொல் போதும். அந்தத் தாயின் மனம் குளிரும், சோறு வைப்போம், கல்யாண நாளும் குறித்துவிடலாம். கண்ணால் கெஞ்சினேன். ஜெமீலா பின்னால் நின்று அவர் சட்டையை இழுத்தாள்.

"தெரியா" என்றார் மாஸ்டர்.

எனக்கு அவரைத் தராசாலேயே அடிக்கலாம் போல இருந்தது.

"கோழியிலயே இன்னும் ஒழுங்காத் தெரியா. இன்டைக்குச் சிவப்புக் காலுல கொழுப்புக் கொஞ்சம் கூட இரிக்கி. நாலு கோழிய வச்சி மனிசனப் பத்திக் கதைக்க ஏலா." பிறகு, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல் அல்லாமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் கதைப்பதுபோல் சொன்னார்: "ஆனா ஒங்கட மாமிக்கும் தெரியா. தெரியாமத்தான் அவ அவ்வளவு காலமும் சொல்லியிரிக்கா."

அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணீரும் வந்தது. "இத்தன வருசத்துல ஒருத்தரும் இதச் சொல்லித் தரல்லயே" என்றார். அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுத் தின்றார். போகும்போது என் கையைப் பிடித்து, "பொய் சொல்லி ஆள மடக்காத குடும்பம்" என்றார். நான் தலைகுனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

மாஸ்டர் அதன் பிறகும் அடைக்கு அடை பகல் செய்துகொண்டே இருந்தார். முடிவு கேட்டால், "இன்னும் பத்தாது" என்பார். அவர் கூட்டையும் கோழிகளையும் இப்போது ஜெமீலா பார்க்கிறாள். கோழியைத் திட்டுவதுபோல் அவரைத் திட்டிக்கொண்டே பல்பைப் போடுகிறாள், படங்கை மூடுகிறாள். இந்த முறை வெள்ளாமைக்கு வேறு படங்கு வாங்கிவிட்டாள்.

ஹஸ்னா இப்போது அந்தக் குளிர் நாட்டில் மாப்பிள்ளையோடு இருக்கிறாள். மாஸ்டரின் ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பின் சம்பந்தி, பர்ஹானின் உம்மா, போன் எடுத்து அழுதார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ராத்தா, ஹஸ்னாட புள்ள டிசம்பருல பிறக்குமாம். அங்க அப்ப பகல் சின்னது. புள்ள கொழுத்திருமோ? மாஸ்டரும் இல்ல, இனி ஆரிட்ட கேக்கிற?" என்றார்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். காய்ச்சலோ, வழக்கோ, வாக்குப் போடுவதோ, யார் என்ன கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும். இதற்கும் நல்ல பதில் ஒன்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அதை விழுங்கிவிட்டு, "தெரியா" என்றேன்.

வேலிக்கு அப்பால் தீனி போட்டுக்கொண்டிருந்த ஜெமீலா கோப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ராத்தா, ஒங்களுக்குச் சுகமில்லையா?"

சுகம்தான். மாஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல். இந்த வயதில் சொல்லிப் பழகக் கொஞ்சம் கடினமாக இருக்கிறது. அல்லாஹ் அவர் அடங்கியிருக்கும் கப்ரை வெளிச்சமாக்கி வைப்பானாக. எத்தனை மணித்தியாலத்துக்கு என்று அவர் கட்டாயம் கேட்பார்.