தேவாரத்துக் கிணற்றில் மின்னிய கல்

நிலவியல் படிக்கும் மகள் பாடத்தைச் சத்தமாக வாசித்தாள். பூமிக்கடியில் கொதிக்கும் நீர் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு பழம்பாறை வெடிப்புகளில் ஏறுமாம். சூடு ஆறும்போது வெள்ளைக்கல்லோடு தங்கத்தையும் அங்கேயே விட்டுவிடுமாம்.

எனக்குத் தேவாரம் ஊரில் எங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டிய கோடை நினைவுக்கு வந்தது. தென்னங்கன்றுகள் வாடிக்கொண்டிருந்தன. வெடிமருந்து நெடி அடங்கும் முன்பே உள்ளே இறங்கிய அப்பா, வெள்ளைக்கல்லில் மஞ்சளாக மின்னியதைப் பார்த்துக் கத்தினார்.

"தங்கம்டி! இனி வெடி வச்சா செதறிரும்."

"தங்கத்தையா குடிக்கப் போறோம்? வெரசா அடுத்த வெடிய வைங்க," என்றாள் மேலே நின்ற அம்மா.

அப்பா மனசில்லாமல் வைத்தார். ஊற்று பீறிட்டது. அள்ளிக் குடித்த அந்தக் குளிர்ச்சி இன்னும் என் தொண்டையில் இருக்கிறது.

"அது நிசமாவே தங்கமாம்மா?" என்றாள் மகள்.

"தெரியலத்தா. பாக்குறதுக்குள்ள தண்ணி மூடிருச்சு."