காற்றென்று எண்ணிய வீக்கம்

வேதமலை மேவிய விடையவனே, மூச்சாய் உள்நுழைந்து ஒலியாய் வெளிப்படுவோனே, நின் தாள் சரண்.

விளம்பி ஆண்டு மார்கழித் திருவாதிரையாகிய இந்நன்னாளில், எங்கள் தமையனார் சிவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. திருக்கழுக்குன்றத்தை அடுத்த சிற்றூரில் பிறந்த அவர்கள், தந்தையார் மறைந்தபின் ஏர்பிடித்து எங்களை ஆளாக்கினார்கள். ஊர்ச் சிவாலயத்தில் சங்கு ஊதியவர்களும் அவர்களே. அவ்வொலியில், பனி மூடிய வயல்கள் தரையை விட்டு மெல்ல மிதப்பதாக எனக்குத் தோன்றும்.

ஒருநாள் அவர்களது இடக்காதின் கீழே புளியங்கொட்டையளவு வீக்கம் கண்டது. வலியில்லை.

“சங்கு ஊதறவன் கன்னத்துல காத்து அடைக்காம இன்னா அடைக்கும்?” என்று சிரித்தார்கள். நாங்களும் நம்பினோம். அறுவடைகள் கடந்தன.

ஒரு மாலை வழிபாட்டில் அண்ணியார் திடுக்கிட்டார்: “இன்னாங்க, ஒரு கண்ணு தொறந்தே கீது?”

“சாமிய ஒரு கண்ணாலயாச்சும் பாத்துகினு இருக்கேன். உனக்கு இன்னா பொறாமை?”

“மூடுங்க பாக்கலாம்.”

மூட இயலவில்லை.

செங்கற்பட்டில் துணிக்கடை வைத்திருந்த அவர்களது நண்பர் பாய், மறுநாளே வண்டியோடு வந்தார். “பேஜாரு பண்ணாம ஏறு, அண்ணாத்த!”

பட்டணத்து மருத்துவ அம்மையார் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார். காற்றானால் தணிந்திருக்கும், இது கல்லாய் நின்றது. சிறு துண்டெடுத்து, இழையாய்ச் சீவி, சாயமேற்றி ஆராய்ந்தார். உமிழ்நீர்ச் சுரப்பியில் அபூர்வமாய்த் தோன்றும் புற்று. மெல்ல வளர்ந்து முக நரம்பின் வழியே ஊர்வது. அறுத்தால் சில காலம் கிட்டும். ஆனால் நரம்பும் போகும், உதடு இனிக் குவியாது என்றார்.

தமையனார் அந்த இழையைக் காண விரும்பினார்கள். மைக்ராஸ்கோப்பின் அடியில், இளஞ்சிவப்பில் வட்டவட்டத் துளைகள்.

“மாமல்லபுரத்துல அலை போனப்புறம் மணல்ல நிக்கிற நுரை மாதிரி கீதும்மா. இவ்ளோ அழகா இருந்துகினுதானா என்னைக் கொல்லுது?”



சங்கை நினைத்து அண்ணியார் அழுதார். தமையனார் அவரைத் தேற்றினார்கள்: “ஊதறதுக்கு ஊர்ல ஆள் கீது. உன்னாண்ட சண்ட போட ஆள் வேணாமா? அறுத்துடட்டும்.”

அறுத்தார்கள். அதன்பின் வந்த பொங்கல்களிலும் வாய் ஒருபுறம் சாய்ந்தபடியே அவர்கள் அண்ணியாரோடு சண்டையிட்டுச் சிரித்தார்கள். பிறகு நோய் நுரையீரலை அடைந்தது. அண்ணியார் மடியிலேயே, பேச்சின் நடுவே உறங்குவார்போல் அடங்கினார்கள்.

அந்த ஆண்டுகளை எங்களுக்கு ஈட்டித் தந்த அம்மையாருக்கும், கடைசிவரை வண்டியோட்டிய பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டது.

இந்நினைவு மலரை ஏந்தும் அன்பர்களே, வலியில்லாத வீக்கத்தைச் சிறிதென்று விட்டுவிடாதீர்கள். நும் இல்லங்களில் ஊடலும் சிரிப்பும் நெடுங்காலம் ஒலிக்க ஈசன் அருள்க.