கான்டெஸாவுக்கு மூக்கு வைத்த கதை

செல்போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் வருவான். சட்டையில் ஒரு சொட்டு கிரீஸ் இருக்காது. அவனுடைய ஷெட்டின் தரையில் சோறு போட்டே சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். எட்டு சிலிண்டர் வைத்த பழைய கார் ஒன்றின் பானட்டைத் திறந்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றி ஓரமாக வீசிவிட்டு, அட்டைப்பெட்டியிலிருந்து பளபளவென்று ஒரு ஃப்யூயல் இன்ஜெக்ஷன் செட்டை எடுத்து அந்த இடத்தில் உட்கார வைப்பான். நாலு போல்ட், நாலு ஒயர். சாவியைத் திருப்பினால் வண்டி உறுமும். ரொம்பச் சல்லிசாக முடித்துவிட்டேன் என்று பல் தெரியச் சிரிப்பான். அவனுடைய சல்லிசுக்கு என் காரை நாலு தடவை வாங்கலாம். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பார்ப்பேன். வேறு வழி இருக்கவில்லை.

என்னிடம் இருப்பது கான்டெஸா. நீளமான பானட்டும் அகலமான பின்பக்கமுமாக, நம் ஊரில் செய்த கார்களில் முறைத்துக்கொண்டு நிற்கத் தெரிந்த ஒரே வண்டி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை எனக்கு நிரந்தரமானபோது, பெரம்பூரில் ரிட்டயர்டு ஆன ஒருவரிடம் வாங்கினேன். திருவொற்றியூரில் அப்பா வாங்கிப்போட்ட மனையில் நான் கட்டிய வீட்டுக்குப் பக்கவாட்டில், தகரக் கூரையின் கீழ் நிற்கிறது. அதன் மேல் தினமும் காலையில் படிந்திருக்கும் கறுப்புத் தூசியைத் துடைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

என் மனைவிக்கு இழுப்பு உண்டு. கல்யாணம் ஆகி வந்தபோது இல்லை, பிறகு வந்தது. முதலில் மழைக்காலத்தில் மட்டும் இழுத்தது. அப்புறம் மார்கழிப் பனிக்கும் சேர்த்து இழுத்தது. இப்போது அதற்குக் காலநேரம் எதுவும் கிடையாது. இரண்டு தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். அவள் மூச்சில் வரும் விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு அது என்ன மாதிரியான கோபத்தைத் தரும் என்று படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். யாரைப் பிடித்து உலுக்குவது என்று தெரியாத கோபம் அது.

டாக்டர் கேட்டார், வீட்டுக்குப் பக்கத்தில் புகை, நெடி ஏதாவது உண்டா என்று. இவள் யோசிக்கவே இல்லை.

"எங்க வூட்டுக்காரரு ஒரு பழைய காரு வெச்சிகினு கீறாரு டாக்டர். பெட்ரோலு நாத்தம் கொடலப் பொரட்டும்" என்றாள்.

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அந்தக் காரை முதலில் வெளியேற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. மணலியில் ராப்பகலாகப் புகை கக்கிக்கொண்டு ரிஃபைனரி நிற்கிறதே, அதற்கு மருந்துச்சீட்டில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்கத்தான் நினைத்தேன். கேட்கவில்லை. ஏனென்றால் அவள் சொன்னதும் பொய் இல்லை. கார்புரேட்டர் வண்டி அப்படித்தான். ஓட்டி வந்து நிறுத்தினால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் கசியும். எங்கள் படுக்கையறை ஜன்னல் அந்தத் தகரக் கூரைக்கு நேர் மேலே இருந்தது.

"கார வித்துடுய்யா" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"காரால ஒண்ணும் இல்ல. ஊரே நாறுது, என் காருதான் உன் கண்ணுக்குத் தெரியுதா?"

"ஊர நீ விக்க முடியாது. கார விக்கலாம்."

பதில் இல்லாதபோது எனக்குக் குரல் உயரும், உயர்ந்தது. கடைசியில் பொங்கல் வரைக்கும் எனக்கு அவகாசம் கொடுத்தாள். அதற்குள் நாத்தம் போகாவிட்டால் காரை எடைக்குப் போட்டுவிடுவதாக நானே ஒப்புக்கொண்டேன். கார்புரேட்டரை எடுத்துவிட்டு இன்ஜெக்ஷன் வைத்தால் பெட்ரோல் ஆவி கசியாது என்றார்கள். அப்படித்தான் அந்த வெள்ளைக்காரனின் சிரிப்பைத் தினமும் பார்க்க வேண்டி வந்தது.

செட்டாக வாங்க வக்கில்லை என்றால் உதிரியாகச் சேர்க்க வேண்டியதுதான். புதுப்பேட்டையில் உடைத்துப் போட்ட ஒரு சின்னக் காரிலிருந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும், காற்றை உள்ளே விடும் த்ராட்டில் பாடியும் எடுத்தேன். கடைக்காரர் புத்தம்புதுசு என்று சத்தியம் செய்தார். அதில் எறும்புப் புற்றே இருந்தது. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர் பெட்டியை, அம்பத்தூரில் பந்தய பைக்குகளுக்கு டியூனிங் செய்யும் ஒருவரிடம் பழசாக வாங்கினேன். லேப்டாப்போடு வந்து அமைத்துக் கொடுப்பதாகவும் அவர் சொன்னார். இன்னொரு முக்கியமான சாமான், சைலன்சர் குழாயில் துளை போட்டு மாட்டும் ஒரு சென்சார். கட்டை விரல் பருமன்தான் இருக்கும். வெளியேறும் புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் அதிகமா குறைச்சலா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இது ஒன்றை மட்டும் புதிதாகவே வாங்குங்கள், இதுதான் இன்ஜினின் மூக்கு என்று டியூனிங்காரர் இரண்டு தடவை சொன்னார்.

மாட்டும் வேலைக்கு என் மனைவியின் தம்பி வந்தான். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின்களுக்கு மெக்கானிக். அவன் கை பட்ட இன்ஜின் நடுக்கடலில் நின்றதில்லை என்று ஹார்பரில் சொல்வார்கள். நின்றால் ஆள் திரும்பி வரமாட்டான், அதனால் அது சும்மா சொல்கிற பெருமை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, காருக்கு அடியில் படுத்துவிடுவான். டேங்க்கிலிருந்து புதுக் குழாய் இழுத்தான். மீந்த பெட்ரோல் டேங்க்குக்கே திரும்பிப் போக இன்னொரு குழாயும் போட்டான். வெல்டிங் அவ்வளவு சுத்தம்.

மார்கழி பிறக்கும்போது வண்டி கிளம்பியது. சோக் இழுக்காமல், ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்துக் கெஞ்சாமல், சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. டியூனிங்காரர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். என் மனைவி வாசற்படியில் நின்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தாள். அவள் குறை சொல்லாததே எனக்குப் போதுமானதாக இருந்தது. அன்றைக்கு மச்சானுக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டோம்.

அந்த வாரம் முடிவதற்குள் வண்டி கரும்புகை கக்க ஆரம்பித்தது. பெட்ரோலைக் குடம் குடமாகக் குடித்தது. கார்புரேட்டர் காலத்தில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு நாத்தம், கண் எரிந்தது. ஏதோ ஒயர் தளர்ந்திருக்கும் என்று நானும் காலையில் வண்டியை ஸ்டார்ட்டிங்கில் விட்டு அங்கே இங்கே தட்டிக்கொண்டிருந்தேன். மேலே ஜன்னல் படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது. நான் மாடி ஏறிப் போனபோது அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் காரில் போகலாம் என்று அவள் கையைப் பிடித்தேன். உதறினாள். பேச மூச்சில்லை, ஆனால் உதற பலம் இருந்தது. தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தேன். வீட்டில் அவ்வளவு பெரிய காரை வைத்துக்கொண்டு, பெண்டாட்டியை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனேன். வழியெல்லாம் அந்த வெள்ளைக்காரனையும், எறும்புப் புற்று விற்றவனையும், லேப்டாப்காரரையும் மாறி மாறி மனசுக்குள் திட்டினேன்.

அவளுக்கு மூச்சு சீரானதும் டியூனிங்காரரை வரவழைத்தேன். மச்சானும் வந்திருந்தான். அவர் குனிந்து அந்தச் சென்சாரைக் கழற்றினார். அதன் நுனி சுண்ணாம்பில் முக்கி எடுத்ததுபோல் வெள்ளையாக இருந்தது. பிறகு கை விளக்கை அடித்து, அது மாட்டியிருந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்த சிலிக்கான் பேஸ்டை யார் தடவினது?"

"நான்தான் சார்" என்றான் மச்சான் பெருமையாக. "ஒரு ஜாயிண்டு வுடல."

அவன் சொன்னது உண்மைதான். காசிமேட்டில் எந்த இணைப்பையும் வெறும் இரும்பாக விடமாட்டார்கள். போல்ட்டா, கிரீஸ். கேஸ்கெட்டா, சிலிக்கான் பேஸ்ட். உப்புக்காத்து எந்தச் சந்தில் நுழையும் என்று சொல்ல முடியாது. மச்சான் வீட்டுக் காலிங்பெல்லைச் சுற்றிக்கூடப் பேஸ்ட் அப்பியிருக்கும். என் இன்ஜினிலும் இன்டேக்கில், சைலன்சர் கேஸ்கெட்டில், சென்சாரின் மரையில் என்று எல்லா இடத்திலும் அப்பியிருந்தான். சூட்டில் அந்தப் பேஸ்டிலிருந்து வரும் ஆவி சென்சாரின் நுனியில் படிந்து அதைக் கொன்றுவிடுமாம். மூக்கு செத்ததும், பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் மேலும் மேலும் ஊற்றியிருக்கிறது.

டியூனிங்காரர் போகும்வரைதான் பொறுத்துக்கொண்டேன்.

"உங்கக்காவக் கொல்லப் பாத்தியேடா" என்றேன்.

"மாமா, வார்த்தைய அளந்து பேசு. பேஸ்ட் இல்லாம வுட்டா ஒரே மாசத்துல துருவா கொட்டிடும். அப்பவும் என்னத்தான் திட்டுவ."

"இது உன் காசிமேட்டு போட்டு இல்லடா, காரு."

"காத்து ஒண்ணுதான மாமா. அது போட்டுன்னு பாக்குமா, காருன்னு பாக்குமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரில் அடித்தேன். சுவரில் பூச்சு பெயர்ந்தது. அவன் பயப்படவும் இல்லை, போகவும் இல்லை. ஒரு பழைய பிளேடை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, தான் அப்பிய பேஸ்டைத் தானே சுரண்ட ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து நானும் பக்கத்தில் படுத்தேன். சாயங்காலம் வரை சுரண்டினோம். கேஸ்கெட்டை வெறும் உலோகமாகவே மாட்டினோம். போல்ட்டை முறுக்கும்போது அவன் கை பழக்கதோஷத்தில் பேஸ்ட் டியூபைத் தேடியது, நான் அதை எட்டி உதைத்தேன். இன்னொரு புதுச் சென்சாரும் வாங்கினேன். அதை வாங்க என்னவெல்லாம் செய்தேன் என்று சொல்ல ஆரம்பித்தால் கெட்ட வார்த்தைதான் வரும்.

இந்தத் தடவை வண்டி கெடவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், அடுத்த வாரமும் பார்த்தேன். பிறகு மணலி ரோட்டில் ஒரு வேனில் இருக்கும் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். வேன்காரர் சைலன்சருக்குள் குழாயைச் சொருகினார். மிஷினைப் பார்த்தார், குழாயை உருவி மறுபடி சொருகினார்.

"இன்னா சார், ஒண்ணுமே காட்டல. வண்டி ஓடுதா, நின்னுடுச்சா?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் தலைக்குப் பின்னால், ரோட்டுக்கு அந்தப் பக்கம், வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு மஞ்சளாகப் புகை போய்க்கொண்டிருந்தது. டேங்கர் லாரிகள் வரிசையாகக் கறுப்பாகக் கக்கிக்கொண்டு நின்றன. அங்கே நின்றுகொண்டு என் வண்டியின் பின்னால் குழாய் சொருகுகிறார்கள். அந்தக் குழாயைப் பிடுங்கி ஆகாயத்தைப் பார்த்து நீட்ட வேண்டும் போல இருந்தது. சர்டிபிகேட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி காரில் ஏறச் சம்மதித்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முன் சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடிகளை ஏற்றிவிடச் சொன்னாள். உள்ளே நாத்தம் இருந்தால் அப்போதுதான் தெரியுமாம். ஏற்றினேன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் எண்ணூர் பக்கமாகத் திருப்பினேன். கடல் கூடவே வந்தது. இன்ஜின் சத்தம் இருக்கும் இடமே தெரியவில்லை.

"நாத்தம் இல்லய்யா" என்றாள். குனிந்து தரை விரிப்பை மோந்து பார்த்தாள், சீட்டை மோந்து பார்த்தாள். "மெய்யாலுமே இல்ல." சிரித்தாள். அவள் சிரித்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச தூரத்தில் கன்டெய்னர் லாரிகள் நீளத்துக்கு நின்றன. நாங்களும் நின்றோம். கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது. ஆனாலும் அந்த நெடி உள்ளே வந்தது. அழுகின முட்டையும் அமிலமும் கலந்ததுபோல், தொண்டையின் அடியில் போய் உட்காரும் நெடி. நான் பிறந்ததிலிருந்து சுவாசிப்பது அதைத்தான். இத்தனை வருஷம் என் காரின் பெட்ரோல் வாசனை அதற்கு மேல் ஒரு போர்வை போட்டு வைத்திருந்திருக்கிறது. இப்போது கார் சுத்தமாகிவிட்டது, நெடி தனியாகத் தெரிந்தது. அவள் இருமினாள். விசில் ஆரம்பித்தது. மடியிலிருந்த பைக்குள் இன்ஹேலரைத் தேடினாள்.

எனக்கு அப்போது வந்திருக்க வேண்டியது பயம். வந்தது கோபம்தான். ஜெயித்தவனின் கோபம்.

"பாத்தியா? காரு இல்ல. அன்னிக்கே சொன்னேன்ல, டாக்டராண்ட எங்காரப் போயி சொன்னியே. இப்ப சொல்லு, காரா?" அவள் மருந்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே கத்தினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, மருந்து உள்ளே இறங்கும்வரை மூச்சை அடக்கியிருந்தாள். இன்னொரு தடவை உறிஞ்சினாள். நெஞ்சு ஏறி இறங்குவது மெதுவாக நிதானத்துக்கு வந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆமாய்யா. நீ சொன்னதுதான் சரி. காரு இல்ல" என்றாள். "கார வெச்சிக்கோ. வூட்ட வித்துடு."

முன்னால் லாரிகள் நகர ஆரம்பித்தன. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். நான் கியரைப் போடவில்லை.